பிரஸ்ஸல்ஸ் இன்டர்ன்ஷிப்போட வர்ற பொலிடிக்கல் சயின்ஸ் மாஸ்டர்ஸ்: காசுக்கும் காலத்துக்கும் தகுமா?

ஜெர்மனியில ரெண்டு வருஷ பொலிடிக்கல் சயின்ஸ் மாஸ்டர்ஸ், இங்கிலீஷ்ல பாடம், மூணாவது செமஸ்டர் முழுக்க வெளிநாட்டுல இன்டர்ன்ஷிப், முக்கால்வாசி பேர் போறது ஐரோப்பிய யூனியனோட முக்கிய ஆபீஸெல்லாம் இருக்கற பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்கு. நான் படிச்சு முடிச்சது இதைத்தான். யூனிவர்சிட்டி பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா நான் குறை சொல்றது அந்த ஒரு இடத்தோட குறை மட்டும் இல்ல, இதே டைப் கோர்ஸ் வேற நாட்டுல வேற பேர்ல படிச்சவங்களும் அங்க அதே புலம்பலைத்தான் புலம்பிட்டு இருந்தாங்க. மார்க் கேட்டீங்கன்னா, பாடத்துக்கு 5-க்கு 4, இன்டர்ன்ஷிப்புக்கு நாலரை, இந்த ரெண்டையும் ஒட்ட வைக்க வேண்டிய ப்ளேஸ்மென்ட் ஆபீஸுக்கு ஒண்ணரை, அந்த ஒண்ணரையும் அங்க இருந்த ஒரு அம்மா நல்லா பேசுவாங்கங்கறதுக்காக.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மீதியை படிக்காட்டியும் இதை படிச்சிடுங்க. இந்த மாதிரி கோர்ஸ்ல நீங்க நேரத்தையும் காசையும் கொடுத்து வாங்கறது பாடம்னு நினைச்சுக்காதீங்க, இன்டர்ன்ஷிப்னும் நினைச்சுக்காதீங்க. பாடம் எங்கயும் கிடைக்கும், இன்டர்ன்ஷிப்பை நீங்கதான் தேடிக்கணும். நீங்க வாங்கறது "இவர் எங்க மாணவர், இந்த பயிற்சி இவரோட படிப்புல ஒரு கட்டாயப் பகுதி"ன்னு யூனிவர்சிட்டி கையெழுத்து போடுற ஒரு பேப்பர். மூணு பேரும் கையெழுத்து போடணும், யூனிவர்சிட்டி, நிறுவனம், நீங்க. அந்த பேப்பர் இல்லாம அரசியல் உலகத்துல பாதி கதவு திறக்காது, அது இருந்தா நீங்க யாருன்னே தெரியாத இடத்துலயும் உள்ள விடுவாங்க.

சும்மா சொல்லல. ஐநா சபையோட இன்டர்ன்ஷிப் விதியை எடுத்துப் பாருங்க, மாஸ்டர்ஸ் இல்ல அதுக்கு மேல படிச்சுட்டு இருக்கணும், இல்லன்னா டிகிரியோட கடைசி வருஷத்துல இருக்கணும், இல்லன்னா படிச்சு முடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கணும். அதாவது நல்லா படிச்சுட்டு ரெண்டு வருஷம் வேற வேலை பார்த்துட்டு "இப்ப ஐநாவுக்கு போலாம்"னு வந்தா இன்டர்னா போக முடியாது. எராஸ்மஸ் ப்ளஸ்ங்கற ஐரோப்பிய யூனியன் மாணவர் திட்டத்தோட உதவித்தொகையும் அப்படித்தான், அதுல சேர்ந்திருக்கற ஒரு யூனிவர்சிட்டில நீங்க மாணவரா இருக்கணும், நீங்க எந்த நாட்டுக்காரர்ங்கறது பிரச்சனை இல்ல, 2 மாசத்துலேர்ந்து 12 மாசம் வரைக்கும் ட்ரெய்னிஷிப்புக்கு கொடுப்பாங்க, சாதாரண எக்ஸ்சேஞ்ச்ல கிடைக்கறதை விட மாசம் 150 யூரோ சேர்த்து வரும். ஆனா இதுல ஒரு பொடி எழுத்து இருக்கு, ஐரோப்பிய யூனியனோட நிறுவனங்களுக்கு, அதாவது கமிஷன் (யூனியனோட நிர்வாகக் கிளை, சட்ட வரைவு கொண்டு வர்றது), பார்லிமென்ட், ஏஜென்சிகளுக்கு இன்டர்னா போனா எராஸ்மஸ் ப்ளஸ் கிடைக்காது. திங்க் டேங்க் (கொள்கை ஆராய்ச்சி அமைப்பு), என்ஜிஓ, கன்சல்டன்சின்னு வெளிய இருக்கற இடத்துக்கு போனாதான் கிடைக்கும். எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு பார்லிமென்ட்ல ஒரு உறுப்பினர் ஆபீஸ்ல இடம் வாங்கிட்டு இந்த பணமும் வரும்னு கணக்கு போட்டு வீடு எடுத்திருந்தா, அப்புறம்தான் ஆபீஸ்ல "அது முடியாதே"ன்னு சாவகாசமா சொன்னாங்க.

சரி, கோர்ஸ் எப்படி இருக்கும்னு சொல்றேன். மொத்தம் 120 கிரெடிட், நாலு செமஸ்டர். முதல் ரெண்டு செமஸ்டர் பாடம், மூணாவது வெளிய, நாலாவது தீசிஸ். ஜெர்மனியில ஒரு கிரெடிட்டுனா 25-லேர்ந்து 30 மணி நேர உழைப்புன்னு கணக்கு, அதனால 20 கிரெடிட் இன்டர்ன்ஷிப்னு போட்டிருந்தா அது 500, 600 மணி நேரம், கிட்டத்தட்ட நாலு மாசம் முழுநேரம். ஃபீஸ் விஷயத்துல ஜெர்மனி மாதிரி வராது, பெரும்பாலான அரசு யூனிவர்சிட்டில டியூஷன் ஃபீஸே கிடையாது, செமஸ்டருக்கு சில நூறு யூரோ கட்டினா போதும், ஆனா பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியனுக்கு வெளியேர்ந்து வர்றவங்க செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணும். அடிவயித்தை கலக்கறது அது இல்ல, விசாவுக்கு ப்ளாக்டு அக்கவுண்ட்ல மொத்தமா போட்டு காட்ட வேண்டிய பணம், நான் பார்த்தப்ப வருஷத்துக்கு 11,904 யூரோ, மாசம் 992 தான் வெளிய எடுக்க முடியும். இந்த 992 ஜெர்மனியில ஒரு நடுத்தர ஊர்ல ஓடும், பிரஸ்ஸல்ஸ்ல இழுத்துப் பிடிக்கணும்.

பாடத்தை பத்தி பெரிசா குறை இல்ல. கம்பேரட்டிவ் பாலிடிக்ஸ், ஐரோப்பிய யூனியன் எப்படி இயங்குது, ஸ்டாடிஸ்டிக்ஸ் ரெண்டு பேப்பர் (R-ங்கற சாஃப்ட்வேர்ல கோட் எழுதணும், பொலிடிக்கல் சயின்ஸ்னா கட்டுரை மட்டும் எழுதுற படிப்புன்னு வந்தவங்க முதல் மாசமே முழி பிதுங்கினாங்க), அரசியல் கோட்பாடு ஒண்ணு. ப்ரொஃபசர்கள் நல்லவங்க, மெயிலுக்கு பதில் போடுவாங்க. ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரை யாரும் விட்டுடாதீங்க, இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல என்கிட்ட கேட்ட ஒரே பாடக் கேள்வி அதுலேர்ந்துதான்.

இப்ப ப்ளேஸ்மென்ட் ஆபீஸ். ப்ரோஷர்ல "எங்க பார்ட்னர் நிறுவனங்கள்"னு லோகோ லோகோவா போட்டிருப்பாங்க, பார்த்தா எல்லா இடத்துலயும் நமக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கற மாதிரி இருக்கும். நிஜத்துல அந்த லோகோவுக்கு அர்த்தம், எப்பவோ ஒரு மாணவர் அங்க இன்டர்னா இருந்தார், அவ்வளவுதான். நமக்கு கொடுத்தது ஒரு எக்ஸெல் ஷீட், அதுல பாதி லிங்க் ஓப்பன் ஆகாது, காண்டாக்ட் பேர் போட்டிருந்தவங்கள்ல சிலர் அந்த வேலையை விட்டே போயிட்டாங்க. "உத்தரவாதம்"னு எங்கயும் எழுதல, "சப்போர்ட்"னுதான் எழுதியிருக்காங்க, அதனால சட்டப்படி யாரும் பொய் சொல்லல. சிவி திருத்தி கொடுக்கறேன்னு ஒரு ஒர்க்‌ஷாப் வச்சாங்க, அதுல கம்பெனி வேலைக்கு போற மாதிரி சிவி எழுத சொல்லிக் கொடுத்தாங்க, பிரஸ்ஸல்ஸ்ல பாலிசி வேலைக்கு கேக்கறது வேற, எந்த ஃபைல் (அதாவது எந்த சட்ட வரைவு) தெரியும், எந்த கமிட்டியை ஃபாலோ பண்ணியிருக்கீங்க, ஒரு பக்கத்துல பிரீஃபிங் எழுதிக் காட்டுங்கன்னு கேப்பாங்க.

ஆனா இதெல்லாம் கூட பரவாயில்ல, கடுப்பான விஷயம் பர்மிட். ஜெர்மன் ரெசிடென்ஸ் பர்மிட் இருந்தா பெல்ஜியம் போய் இன்டர்ன்ஷிப் பண்ணலாமான்னு ஆபீஸ்ல கேட்டா, "ஷெங்கன்தானே, பிரச்சனை இல்ல"ன்னு ஒரு வரில மெயில் வந்துச்சு. பிரச்சனை இருக்கு, நல்லாவே இருக்கு. ஷெங்கன்ங்கறது 180 நாள்ல 90 நாள் போய் வர்றதுக்கு, வேலை செய்யறதுக்கோ பயிற்சிக்கோ அது அனுமதி இல்ல. இன்னும் கொஞ்சம் விவரமானவங்க 2016-ல வந்த ஐரோப்பிய சட்டத்துல மாணவர்கள் 360 நாள் வரை வேற நாட்டுக்கு போலாம்னு இருக்கேன்னு சொல்வாங்க, இருக்கு, ஆனா அது படிப்போட ஒரு பகுதியை இன்னொரு யூனிவர்சிட்டில போய் படிக்கறதுக்கு. திங்க் டேங்க் யூனிவர்சிட்டி இல்லையே. பெல்ஜியத்துல 90 நாளுக்கு மேல பயிற்சின்னா தங்கறதுக்கும் வேலைக்கும் சேர்த்து ஒரே பர்மிட், அதை அப்ளை பண்ண வேண்டியது நீங்க இல்ல, உங்களை எடுக்கற நிறுவனம், அதுவும் பிரஸ்ஸல்ஸ் ரீஜியன் கிட்ட. பத்து பேர் வேலை பார்க்கற ஒரு சின்ன ஆபீஸ்ல உங்களுக்காக இந்த பேப்பர் வேலையை இழுத்துப் போட்டு செய்ய ஒருத்தர் இருக்கணும். என் அதிர்ஷ்டம், நான் போன இடத்துல அக்கவுண்ட்ஸ் பார்க்கறவர் இதுக்கு முன்னாடி ஒரு தடவை செஞ்சிருந்தார், ஃபார்ம் எல்லாம் அவர்கிட்ட இருந்துச்சு. என்னோட படிச்ச ஒருத்தனுக்கு இன்டர்வியூல எல்லாம் பாஸ், பர்மிட்னு சொன்னதும் அந்த பக்கத்துலேர்ந்து மெயிலே நின்னு போச்சு, கடைசியில அவன் பெர்லின்லயே ஒரு இடம் பார்த்துக்கிட்டான். (ஜெர்மனிக்குள்ளயே பண்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, படிப்புல கட்டாயமா இருக்கற இன்டர்ன்ஷிப்புக்கு அங்க மினிமம் வேஜ் சட்டம் செல்லாது, அதனால சம்பளம் இல்லாம எடுக்கறவங்க சட்டப்படியே எடுக்கறாங்க. கட்டாயம் இல்லாம நீங்களா விரும்பி பண்றது 3 மாசத்தை தாண்டினா மினிமம் வேஜ் கொடுக்கணும். அதே பேப்பர் ஒரு பக்கம் கதவை திறக்குது, இன்னொரு பக்கம் சம்பளத்தை பிடுங்குது.)

அந்த மூணு கையெழுத்து அக்ரிமெண்டை கண்ணை மூடிட்டு கையெழுத்து போடாதீங்க. பயிற்சியோட நோக்கம், எத்தனை மாசம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, உங்களுக்கும் நிறுவனத்துக்கும் சட்டப்படி என்ன உறவு, இதெல்லாம் அதுல இருக்கணும்னு அந்த 2016 சட்டத்துலயே இருக்கு. எங்க யூனிவர்சிட்டி டெம்ப்ளேட்ல "நோக்கம்"ங்கற இடத்துல "நடைமுறை அனுபவம் பெறுதல்"னு முன்கூட்டியே டைப் அடிச்சு வச்சிருந்தாங்க. அதை அழிச்சுட்டு என்ன கமிட்டி, என்ன ஃபைல், எந்த மாதிரி டாக்குமெண்ட் எழுதுவேன்னு மூணு வரி போட்டு அனுப்பினேன், சூப்பர்வைசர் ஒரு வரி சேர்த்து கையெழுத்து போட்டாங்க. அந்த மூணு வரிதான் அப்புறம் "இந்த கான்ஃபரன்ஸுக்கு பேட்ஜ் அடிச்சு நாற்காலி போட ஆள் வேணும்"னு அடிக்கடி கூப்பிட்டப்ப என்னை காப்பாத்துச்சு.

சம்பளம்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். இந்த உலகத்துல சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் ரொம்ப நாளா ஊறிப்போன விஷயம். 2015-ல ஜெனீவாவுல ஐநா இன்டர்னா இருந்த டேவிட் ஹைட்ங்கற நியூசிலாந்து பையன் சம்பளம் இல்லாம ஏரிக்கரையில டென்ட் போட்டு தங்கின செய்தி உலகம் முழுக்க சுத்துச்சு, அப்புறம் அவர் ராஜினாமா பண்ணிட்டார். 2017-ல ஐரோப்பிய ஆம்பட்ஸ்மன் (யூனியன் நிறுவனங்கள் மேல வர்ற புகாரை விசாரிக்கறவர்) எமிலி ஓ'ரைலி, யூனியனோட வெளிநாட்டு தூதரகங்கள்ல இருக்கற இன்டர்ன்களுக்கு காசு கொடுங்கன்னு சிபாரிசு பண்ணாங்க. பார்லிமென்ட் உறுப்பினர்கள் நேரடியா எடுக்கற இன்டர்ன்களுக்கு 2019 ஜூலைக்கு அப்புறம்தான் சம்பளம் கட்டாயமாச்சு. உலக சுகாதார நிறுவனம் 2020-லேர்ந்து உதவித்தொகை கொடுக்குது, ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) அதுக்கு ரொம்ப முன்னாடியே கொடுக்க ஆரம்பிச்சுடுச்சு. ஐநா செயலகம் இன்னும் கொடுக்கறதில்ல. மனித உரிமை பத்தி ரிப்போர்ட் எழுதுற இடத்துல ரிப்போர்ட்டை ஃபார்மேட் பண்றவனுக்கு பஸ் காசு கிடையாதுங்கறதுல இருக்கற அசிங்கம் அங்க யாருக்கும் உறைக்காம இல்ல, உறைச்சாலும் பட்ஜெட்னு ஒரு வார்த்தை இருக்கு.

எனக்கு நிறுவனம் கொடுத்தது அறை வாடகைக்கு சரியா போச்சு, சாப்பாடும் மீதியும் எராஸ்மஸ் பணத்துல ஓடுச்சு. இக்செல், எட்டர்பேக் பக்கம் அறை பார்க்கறவங்க, பார்லிமென்டுக்கு நடந்து போற தூரத்துல வேணும்னு அடம் பிடிக்காதீங்க, மெட்ரோ 1, 5 ரெண்டும் ஷூமன், மால்பீக் வழியா போகுது, அதுல நாலு ஸ்டாப் தள்ளிப் போனா வாடகை இறங்குது. வீடு கிடைச்சதும் கொம்யூன்ல (உள்ளாட்சி ஆபீஸ்) பதிவு பண்ணணும், பண்ணினா ஒரு போலீஸ்காரர் நீங்க நிஜமாவே அங்க இருக்கீங்களான்னு பார்க்க வீட்டுக்கு வருவார், எப்ப வருவார்னு சொல்ல மாட்டார். காலிங் பெல்லுலயும் லெட்டர் பாக்ஸ்லயும் உங்க பேர் ஒட்டியிருக்கணும், அவர் முதல்ல பார்க்கறதே அதைத்தான். நம்ம பேர் நீளத்துக்கு அந்த பெல் பட்டன் பக்கத்துல இருக்கற இடம் பத்தாது, பொடியா எழுதி ஒட்டுங்க, ஆனா பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுதுங்க.

இனி இன்டர்ன்ஷிப். 2024 இலையுதிர் காலம். நான் போனது பார்லிமென்ட் எதிர்ல இருக்கற லக்ஸம்பர்க் சதுக்கத்துக்கு பக்கத்துல ஒரு சின்ன பாலிசி நெட்வொர்க். வேலை பேர் மானிட்டரிங். அதாவது பார்லிமென்ட் கமிட்டி கூட்டத்தை பார்த்து, எங்க ஃபைலுக்கு சம்பந்தப்பட்டது என்ன நடந்துச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள ஒரு பக்கம் எழுதி கொடுக்கணும். கூட்டம் பெரும்பாலும் லைவ்ல ஓடும், பல மொழியில மொழிபெயர்ப்பு வசதி, உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பார்க்கலாம். முதல் நோட் எழுதி கொடுத்தேன், நாலு பக்கம், யார் யார் என்னென்ன பேசினாங்கன்னு அழகா வரிசையா. சூப்பர்வைசர் அதுல முதல் ரெண்டு பக்கத்தை அப்படியே குறுக்கு கோடு போட்டு அடிச்சுட்டு ஓரத்துல எழுதினாங்க: "யார் பேசினாங்கங்கறது வீடியோல இருக்கு. யார் பேசல?" அந்த கேள்விதான் நான் ரெண்டு வருஷத்துல படிச்ச பெரிய பாடம். ஒரு கட்சிக்குழுவோட (பல நாட்டுக் கட்சிகள் சேர்ந்த அணி) ஆள் எப்பவும் வாய் ஓயாம பேசற ஃபைல்ல திடீர்னு அமைதியா இருந்தா, உள்ள பேரம் ஓடுதுன்னு அர்த்தம். இதை எந்த வகுப்புலயும் யாரும் சொல்லிக் கொடுக்கல, சொல்லிக் கொடுக்கவும் முடியாதுன்னு நினைக்கிறேன்.

நான் போன நேரம் கொஞ்சம் விசித்திரமான நேரம். 2024 ஜூன்ல தேர்தல் முடிஞ்சு 720 உறுப்பினர்களோட புது பார்லிமென்ட் வந்திருந்துச்சு, புது கமிஷன் டிசம்பர் 1-ல தான் பதவியேத்துச்சு, அதனால நடுவுல சட்ட வேலை பெரிசா எதுவும் ஓடல. சட்டம் எப்படி உருவாகுதுன்னு பக்கத்துலேர்ந்து பார்க்கலாம்னு போன எனக்கு முதல்ல சப்புன்னு இருந்துச்சு. ஆனா நவம்பர் 4-லேர்ந்து 12 வரைக்கும் கமிஷனர் வேட்பாளர்களோட ஹியரிங், 26 பேர், ஒவ்வொருத்தருக்கும் மூணு மணி நேரம், கேள்விக்கு ஒரு நிமிஷம் பதிலுக்கு ரெண்டு நிமிஷம்னு கடிகாரம் ஓடும், ஆபீஸ்ல ஆளுக்கொரு ஸ்க்ரீனை பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். பாடத்துல படிச்சிருந்தேன், கமிஷனரை தட்டிக் கேக்கற அதிகாரம் பார்லிமென்டுக்கு இருக்கு, 2019-ல மூணு பேரை திருப்பி அனுப்பினாங்க, அதனால இது வலுவான மேற்பார்வைன்னு. நேர்ல பார்த்தா கேள்வி பதிலெல்லாம் முடிஞ்சு, கதவை சாத்திட்டு கட்சிக்குழு ஒருங்கிணைப்பாளர்கள் உட்கார்றாங்க, மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும், யாருகிட்டயும் தனியா அது இல்ல. வலதுசாரி பக்கம் ஸ்பெயினோட தெரேசா ரிபேராவை ஒப்புதல் கொடுக்காம பிடிச்சு வச்சுக்கிட்டாங்க, இடதுசாரி பக்கம் இத்தாலியோட ரஃபேலே ஃபிட்டோவை பிடிச்சு வச்சுக்கிட்டாங்க, நீ உன் கையை எடு நான் என் கையை எடுக்கறேன்னு ஒரு வாரத்துக்கு மேல இழுத்து, நவம்பர் 20-ல மொத்தமா ஒரு டீல் போட்டு எல்லாரையும் பாஸ் பண்ணிட்டாங்க. 27-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்ல (பார்லிமென்டோட முழுக் கூட்டம் நடக்கற ஃப்ரான்ஸ் நகரம்) ஓட்டு, ஆதரவு 370, எதிர்ப்பு 282, நடுநிலை 36. அந்த வாரம் முழுக்க நாங்க எழுதின நோட் எல்லாம் ரெண்டு மணி நேரத்துல பழசாயிடும், மதியம் எழுதினதை சாயங்காலம் அழிச்சு எழுதணும். ஒருத்தர் எப்படி பதில் சொன்னார்ங்கறதுக்கும் அவர் பாஸ் ஆனதுக்கும் எவ்வளவு தூரம்னு அப்பதான் புரிஞ்சுது.

ஜனவரிக்கு அப்புறம் சட்ட வேலை மெல்ல சூடு பிடிச்சுது. அதுக்குள்ள சூப்பர்வைசர் போன பார்லிமென்ட் காலத்து பழைய ஃபைல் ஒண்ணை எடுத்து கொடுத்து, இதை படிச்சுட்டு வான்னாங்க. நாலு காலம் (நெடுவரிசை) போட்ட டாக்குமெண்ட். முதல் காலத்துல கமிஷன் கொண்டு வந்த வரைவு, ரெண்டாவதுல பார்லிமென்ட் கேட்ட திருத்தம், மூணாவதுல அரசாங்கங்களோட கவுன்சில் என்ன சொல்லுது, நாலாவது காலம் காலியா ஆரம்பிச்சு, ட்ரைலாக்னு சொல்ற மூணு தரப்பு கூட்டத்துல பேசப்பேச நிரம்பும். முந்நூறு பக்கத்துக்கு மேல. இதை வரிக்கு வரி படிக்கணும், பக்கவாட்டுல படிக்கணும், மேலேர்ந்து கீழ படிச்சா ஒண்ணும் விளங்காது. ஒரு இடத்துல ரெண்டாவது காலத்துல "வேண்டும்"னு இருக்கு, மூணாவதுல "செய்யலாம்"னு இருக்கு, நாலாவதுல "வேண்டும்"னே வந்திருக்கு. பார்லிமென்ட் ஜெயிச்சுடுச்சேன்னு நினைச்சா, பத்து பக்கம் தள்ளி ஒரு விதிவிலக்கு புதுசா முளைச்சிருக்கு, அது யாரோட காலத்துலயும் இல்ல, நேரா நாலாவதுல பிறந்திருக்கு. ஐரோப்பிய யூனியன் பாலிடிக்ஸ் வகுப்புல சட்டம் இயற்றும் முறைன்னு அம்புக்குறி போட்டு ஒரு படம் காட்டுவாங்க, முதல் வாசிப்பு, ரெண்டாம் வாசிப்பு, சமரசக் குழுன்னு. நிஜத்துல பெரும்பாலான சட்டம் முதல் வாசிப்புலயே முடிஞ்சுடுது, ஏன்னா எல்லாம் இந்த நாலாவது காலத்துல முடிஞ்சுடுது.

இன்னொண்ணு ஓட்டிங் லிஸ்ட். கமிட்டில ஓட்டு நாள்ல நூத்துக்கணக்குல திருத்தம் வரும், தலைவர் நம்பரை படிச்சுட்டே போவார், கை தூக்கறது இறக்கறது எல்லாம் நொடி கணக்கு. உறுப்பினர் கையில ஒரு லிஸ்ட் இருக்கும், ஒவ்வொரு நம்பருக்கும் எதிர்ல ப்ளஸ், மைனஸ், இல்லன்னா பூஜ்யம். அந்த ப்ளஸை போட்டது முக்கால்வாசி அவரோட உதவியாளர், இல்லன்னா கட்சிக்குழுவோட பாலிசி அட்வைசர். அதனாலதான் பிரஸ்ஸல்ஸ்ல லாபி பண்ண (சட்டம் போடுறவங்களை தங்க பக்கம் இழுக்க) தெரிஞ்சவங்க பெரிய தலையை தேடி போறதில்ல, அந்த லிஸ்ட் போடுற இருபத்தெட்டு வயசு ஆளை காப்பிக்கு கூப்பிடுவாங்க. லாபின்னதும் சொல்லணும், லாபி பண்றவங்களை பதிவு பண்ற ட்ரான்ஸ்பரன்சி ரெஜிஸ்டர்ல 12,000-க்கும் மேல அமைப்புகள் பதிவாகி இருக்கு, 2022 டிசம்பர்ல கத்தார் லஞ்சப் புகார் விவகாரத்துல பார்லிமென்ட் துணைத்தலைவரா இருந்த ஏவா காய்லி கைதானதுக்கு அப்புறம் உள்ள போற வர்ற விதியெல்லாம் இறுக்கிட்டாங்க, இன்டர்னா நீங்க யாரோட காப்பி குடிச்சாலும் யார் சார்பா பேசறீங்கன்னு முதல்லயே சொல்லிட்டு பேசுங்க.

டைமிங் பத்தி ஆபீஸ்ல யாரும் சொல்ல மாட்டாங்க, இதை நோட் பண்ணிக்கோங்க. பார்லிமென்ட் காலண்டர் கலர் கலரா இருக்கும், பிங்க் வாரம் கமிட்டி, நீலம் கட்சிக்குழு, சிவப்பு ஸ்ட்ராஸ்பர்க் கூட்டம், டர்க்வாய்ஸ் வாரத்துல உறுப்பினர்கள் தொகுதிக்கு போயிடுவாங்க. பிங்க் வாரம் அதிகமா வர்ற மாசத்துல உங்க இன்டர்ன்ஷிப் விழணும். ஜூலை கடைசிலேர்ந்து ஆகஸ்ட் கடைசி வரை ஊரே காலி, கோடை விடுமுறைல வந்து இன்டர்ன்ஷிப் பண்றேன்னு வர்றவங்க காலி பில்டிங்கை சுத்திப் பார்த்துட்டு போக வேண்டியதுதான். தேர்தல் வருஷத்துல வசந்த காலத்துலயும் அதே கதை, ஏப்ரலோட வேலை நின்னுடும். வியாழக்கிழமை சாயங்காலம் லக்ஸம்பர்க் சதுக்கத்துல இன்டர்ன்கள், உதவியாளர்கள் கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கும், நெட்வொர்க்கிங்னு சொல்வாங்க, முதல் ரெண்டு தடவை போங்க, வேகன்சி தகவல் வெப்சைட்ல வர்றதுக்கு முன்னாடி அங்க வரும்ங்கறது உண்மைதான், அதுக்கப்புறம் எல்லாரும் எல்லாரோட பேட்ஜையும் பார்த்துட்டுதான் பேசறாங்கன்னு தெரிஞ்சதும் போர் அடிச்சுடும்.

மொழி: வேலைக்கு இங்கிலீஷ் போதும், வேலை கிடைக்க ஃப்ரெஞ்ச் வேணும். முரணா தெரியும், ஆனா அப்படித்தான்.

படிப்பும் இன்டர்ன்ஷிப்பும் உண்மையிலேயே இணையுதா? இங்கதான் எனக்கு பெரிய ஏமாற்றம். இன்டர்ன்ஷிப் முடிச்சதும் பதினஞ்சு பக்க ரிப்போர்ட், அதுல ரெண்டு பக்கம் நிறுவனத்தை பத்தி, ரெண்டு பக்கம் "கற்றுக்கொண்ட திறன்கள்", கோட்பாட்டுப் பகுதி கட்டாயம். பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான், மார்க் கிடையாது, யாரும் கருத்து எழுதி திருப்பி கொடுக்கவும் இல்ல. முப்பது பேர் வெளிய போய் வர்றாங்க, ஒவ்வொருத்தனும் ஒரு நிறுவனத்தோட உள்பக்கத்தை பார்த்துட்டு வர்றான், திரும்பி வந்ததும் எல்லாரையும் ஒரு ரூம்ல உட்கார வச்சு ஒரு செமினார் நடத்தினா அதை விட நல்ல பாடம் இருக்க முடியுமா? நடத்தல. நாலாவது செமஸ்டர்ல அவனவன் தனியா தீசிஸ்.

தீசிஸ் மட்டும் என் விஷயத்துல நல்லா அமைஞ்சுது, அதுக்கு காரணம் கோர்ஸ் இல்ல, கைட். கிளம்பறதுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டார், அங்க பார்க்கற எதையும் அனுமதி இல்லாம டேட்டான்னு நினைக்காதே, இன்டர்ன் பேட்ஜ்ல உள்ள போனவன் ஆராய்ச்சியாளனா உள்ள போகல. கான்ஃபிடென்ஷியாலிட்டி பேப்பர்ல வேற கையெழுத்து போட்டிருப்போம். பல கூட்டம் சாத்தம் ஹவுஸ் ரூல்ல நடக்கும், 1927-லேர்ந்து இருக்கற விதி, கேட்டதை பயன்படுத்திக்கலாம், யார் சொன்னாங்க எந்த அமைப்புன்னு சொல்லக்கூடாது. அதனால அவர் சொன்ன வழி இது: அங்க இருக்கறப்ப கேள்வியை மட்டும் சேர்த்துக்கோ, பதிலை வெளிய எல்லாருக்கும் திறந்திருக்கற டாக்குமெண்ட்லேர்ந்தும், வேலை முடிஞ்சப்புறம் முறையா அனுமதி வாங்கி எடுக்கற இன்டர்வியூலேர்ந்தும் எடு. அப்படித்தான் செஞ்சேன். அந்த "யார் பேசல"ங்கற கேள்வியே தீசிஸ் ஆச்சு, கமிட்டி கூட்டத்தோட வெளிப்படையான பதிவுகளை எடுத்து எப்ப எந்த குழு வாயை மூடுதுன்னு எண்ணினேன், ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் அங்க கை கொடுத்துச்சு. முடிவு நான் எதிர்பார்த்த அளவு சுத்தமா வரல, பாதி ஃபைல்ல அமைதிக்கு காரணம் பேரம் இல்ல, அந்த ஆளுக்கு வேற கமிட்டில கூட்டம் இருந்திருக்கு.

யாருக்கு இது சரிப்படும்? ஏற்கனவே ரெண்டு மூணு வருஷம் பத்திரிகைலயோ என்ஜிஓலயோ வேலை பார்த்துட்டு, ஒரு துறையில, தண்ணியோ, தொழிலாளர் சட்டமோ, டேட்டா ப்ரைவசியோ ஏதோ ஒண்ணுல நல்ல பிடி இருந்தா, கண்ணை மூடிட்டு போங்க, பிரஸ்ஸல்ஸ்ல எல்லாருக்கும் அரசியல் தெரியும், விஷயம் தெரிஞ்ச ஆளுக்குதான் பஞ்சம். நேரா டிகிரி முடிச்சுட்டு "இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் பிடிக்கும்"னு போறவங்க கொஞ்சம் யோசிங்க. கமிஷனோட ப்ளூ புக் ட்ரெய்னிஷிப்புக்கு மாஸ்டர்ஸே தேவையில்ல, மூணு வருஷ டிகிரி போதும், 5 மாசம், மார்ச்லயும் அக்டோபர்லயும் ஆரம்பம், மாசாமாசம் உதவித்தொகை உண்டு, ஆனா யூனியனுக்கு வெளிய இருக்கற நாட்டுக்காரங்களுக்கு இடம் ரொம்ப கம்மி. இதுல ஒரு பொறி வேற இருக்கு: ஏற்கனவே ஏதாவது யூனியன் நிறுவனத்துல 6 வாரத்துக்கு மேல வேலையோ இன்டர்ன்ஷிப்போ பண்ணியிருந்தா ப்ளூ புக்குக்கு தகுதி போயிடும். பார்லிமென்டோட ஷூமன் ட்ரெய்னிஷிப்புக்கும் தொடர்ந்து 2 மாசத்துக்கு மேல பண்ணியிருக்கக் கூடாதுன்னு விதி. அதனால படிக்கறப்பவே அவசரப்பட்டு ஒரு ஏஜென்சில போய் உட்கார்ந்தா பின்னாடி வர்ற நல்ல காசு கொடுக்கற கதவை நீங்களே சாத்திக்கறீங்க. படிக்கறப்ப வெளி அமைப்பு, முடிச்சப்புறம் யூனியன் நிறுவனம், இதுதான் சரியான வரிசை, எராஸ்மஸ் பணமும் இந்த வரிசையிலதான் கிடைக்கும்.

சேர்றதுக்கு முன்னாடி அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டு கேளுங்க: போன பேட்ச்ல ஐரோப்பிய யூனியனுக்கு வெளியேர்ந்து வந்த மாணவர்கள் எங்கெங்க இன்டர்ன்ஷிப் போனாங்க, பர்மிட் யார் அப்ளை பண்ணாங்க, இடம் கிடைக்காதவங்களுக்கு அந்த கிரெடிட்டுக்கு பதிலா என்ன பேப்பர் கொடுத்தீங்க. முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் போடுவாங்க, லோகோ அனுப்புவாங்க. மூணாவது கேள்விக்கு நேரா பதில் வந்தா அந்த இடத்தை நம்பி சேரலாம். எங்களுக்கு இடம் கிடைக்காதவங்களை கேம்பஸ்லயே ரெண்டு செமினார் எடுக்க வச்சாங்க, சர்டிஃபிகேட்ல அது "புராஜெக்ட் மாட்யூல்"னு வந்துச்சு, டிகிரி பேர் எல்லாருக்கும் ஒண்ணுதான். மூணாவது செமஸ்டர்ல நீங்க ஊர்லயே இல்லாட்டியும் செமஸ்டர் கட்டணம் முழுசா கட்டணும், அதுல லோக்கல் பஸ் பாஸும் சேர்ந்துதான் வரும். சில இடத்துல வெளிநாட்டுல இருந்ததை காட்டினா அந்த பாஸ் பணத்தை மட்டும் திருப்பி தருவாங்க, கடைசி தேதி செமஸ்டர் ஆரம்பத்துலயே முடிஞ்சுடும், கிளம்பறதுக்கு முன்னாடியே ஃபார்ம் கொடுத்துட்டு போங்க.